அடிவயிற்று நோவின் வேரைத் தேடுவோம்

மிளகாய்த் தோட்டத்தில் ஒரு கன்று வாடி நிற்கிறது. தண்ணீர் காணாமல் வாடியிருக்கலாம். வேர் அழுகியும் வாடியிருக்கலாம். வேர் அழுகிய கன்றுக்கு மேலும் தண்ணீர் விட்டால் அது இன்னும் கெதியாகச் சாகும். வாட்டத்தைப் பார்த்தால் போதாது, வேரைக் கிளறிப் பார்க்க வேண்டும் என்பது விவசாயிகளாகிய எமக்குத் தெரிந்த பாடம். இவ்விதழில் நாம் படிக்க எடுத்துக்கொண்ட நீண்டகால அடிவயிற்று நோவுக்கும் இதே பாடம் பொருந்தும்.

தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புக் கூட்டுக்குள், 6 மாதங்களுக்கு மேலாக விட்டுவிட்டோ தொடர்ந்தோ இருக்கும் நோவையே இப்படிச் சொல்கிறோம். இது பெண்களுக்குக் கூடுதலாக வரும். ஆண்களுக்கும் வருவதுண்டு.

ஒரு தாயின் கொப்பி

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கச் சென்ற வேளையில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவரைக் கண்டோம். "வாய்வு எண்டு சொல்லிச்சினம், சூடு எண்டு சொல்லிச்சினம். இப்ப கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லுகினம்" என்றார். சலக்கிருமி என்று நினைத்து 5 தடவை கிருமிகொல்லி மாத்திரை எடுத்திருந்தார். சலத்தில் கிருமி வளர்கிறதா என்று ஒரு தடவையேனும் பரிசோதித்ததற்குத் துண்டு இல்லை.

நாம் வைத்தியர்கள் அல்லர். ஆகவே மருந்து கொடுக்கவில்லை, ஒரு கொப்பியைக் கொடுத்தோம். தாய் சொல்லச் சொல்ல மூத்த மகள் 2 மாதம் எழுதினாள். மாதவிடாய் நாட்களில் நோ கூடவில்லை என்பது தெரிந்தது. தண்ணீர் சுமந்த நாட்களிலும் மலம் இறுகிய நாட்களிலும் கூடியது. சலம் கழித்த பின்னும் நெடுநேரம் நொந்தது. கதைக்கக் கதைக்க இன்னொன்றும் வெளிவந்தது. 2009இல் முகாமில் மறைவான இடம் கிடையாமையால், பகலில் தண்ணீர் குடிக்காமல், சலத்தை இருட்டும்வரை அடக்கிப் பழகியிருந்தார். முகாமை விட்டு வந்த பின்னும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

கொப்பியோடு பெரிய வைத்தியசாலைக்குச் சென்றார். ஸ்கானிலும் சலப் பரிசோதனையிலும் குறை காணப்படவில்லை. இடுப்பின் அடித்தளத் தசைகளைப் பரிசோதித்தபோதுதான் அவை கயிறுபோல இறுகியிருப்பது தெரியவந்தது. வருடக்கணக்காக அடக்கிய தசைகள் தளரவே மறந்திருந்தன. மூச்சோடு சேர்த்துத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியை இயன்மருத்துவர் பழக்கினார். மலச்சிக்கலுக்கும் மருந்து கிடைத்தது. நோ முற்றாக மாறவில்லை. ஆனால் இன்று அவர் தோட்டத்தில் வேலை செய்கிறார். கர்ப்பப்பையை எடுத்திருந்தாலும் அந்த நோ இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

ஒரே நோ, பல வேர்கள்

1. கருப்பையும் சூலகமும்: கருப்பையின் உட்படலம் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் நோய் 10 பெண்களுள் ஏறக்குறைய ஒருவருக்கு உண்டு. மாதவிடாயோடு வரும் கடும் நோவும் உறவின்போது வரும் நோவும் இதன் அறிகுறிகள். ஸ்கானில் தெரியாமலும் போகலாம். மாதந்தோறும் பள்ளிக்குப் போக முடியாமல் படுத்திருக்கும் பிள்ளையை "எல்லாருக்கும் வாறதுதான்" என்று விட்டுவிடக் கூடாது. கிருமித் தொற்று, கட்டி என்பனவும் நோவைத் தரும்.

2. சிறுநீர்ப்பை: பை நிறையும்போது கூடி, கழித்தபின் குறையும் நோ, அடிக்கடி சலம் போதல்.

3. குடல்: மலம் கழிப்பதோடு கூடிக் குறையும் நோ, மலச்சிக்கல், வயிற்றோட்டம்.

4. தசையும் நரம்பும்: நிமிர்ந்து படுத்து, நோகும் இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, கையூன்றாமல் தலையையும் தோளையும் உயர்த்துங்கள். நோ கூடினால் அது உள்ளுறுப்பில் அல்லாமல் வயிற்றுச் சுவரில் இருக்கக்கூடும். 1926இல் கார்னெற் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் விளக்கிய சோதனை இது. சத்திரசிகிச்சைத் தழும்பின் அருகே நோ உள்ளவர்கள் இதைச் செய்து பார்த்து வைத்தியரிடம் சொல்லலாம்.

5. ஆண்களுக்கு: புரஸ்டேற் சுரப்பி, குடலிறக்கம், இறுகிய இடுப்புத் தசைகள்.

ஒருவருக்கே இரண்டு மூன்று வேர்கள் இருக்கலாம். நெடுநாள் நோவில் நரம்புகளும் கூருணர்வு அடைந்து, முதற்காயம் ஆறிய பின்னும் நோவை உணர்த்திக்கொண்டிருக்கும். இழப்பின் துக்கம், நித்திரையின்மை, பட்ட அடி, பலாத்காரம் என்பன நோவைக் கூட்டும். அதனால் நோ பொய்யாகிவிடாது. "எல்லாம் மனசுதான்" என்று ஒருவரை அனுப்பிவிடுவது வைத்தியம் ஆகாது.

நாம் செய்யக்கூடியவை

அ. 2 மாதமாவது நோக் கொப்பி எழுதுங்கள். திகதி, நோகும் இடம், 10க்கு எத்தனை நோ, மாதவிடாய், சலம், மலம், உறவு, செய்த வேலை, எடுத்த மருந்து ஆகியவற்றைக் குறியுங்கள். எழுத வராதவர்கள் நாட்காட்டியில் புள்ளடி இடலாம்.

ஆ. பழைய துண்டுகள், ஸ்கான் அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். இடம் மாறும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

இ. மருத்துவமாதிடம் முதலில் கதையுங்கள். அரச வைத்தியசாலையின் பெண்ணோயியல் கிளினிக்கில் கட்டணம் இல்லை.

ஈ. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றால், "எந்த நோய்க்காக எடுக்கிறீர்கள்? எடுத்தால் இந்த நோ மாறுமா? வேறு வழி உண்டா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

ஆனால் திடீரெனத் தாங்க முடியாத நோ, மாதவிடாய் தள்ளிப்போய் வரும் நோ, காய்ச்சலோடு நோ, சலம் அடைத்தல் என்பன ஏற்பட்டால் கொப்பி எழுதிக்கொண்டிராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சலத்திலோ மலத்திலோ இரத்தம், மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு, உடல் மெலிதல், வயிறு வீங்குதல் என்பவற்றையும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் 12 வருடம் உதிரப்போக்கால் வருந்திய பெண்ணைக் காண்கிறோம். வைத்தியர் பலரிடம் சென்று கைப்பொருள் யாவையும் செலவழித்தும் அவருக்குச் சுகம் வரவில்லை. ஆண்டவர் அவசர வழியிலும் நின்று, கூட்டத்தின் நடுவே, அவர் தம் முழுக் கதையையும் சொல்லக் கேட்டார். கேட்பவர் இருந்தால்தான் உண்மை வெளிவரும். எமது வீடுகளிலும் சங்கக் கூட்டங்களிலும் அப்படிக் கேட்பவர்களாக நாம் இருப்போம்.

கலந்துரையாடலுக்கு

1. எமது குடியிருப்பில் பெண்கள் பகலில் சலத்தை அடக்க வேண்டிய நிலை உண்டா? மறைவான மலசலகூடத்துக்கு நாம் கூடி என்ன செய்யலாம்?

2. நோவைப் பற்றி வீட்டில் சொல்லத் தடையாக இருப்பது எது? கணவன்மார் எப்படி உதவலாம்?

3. கிளினிக்குக்குத் தனியே போக முடியாதவரோடு துணைக்குச் செல்ல எம்மில் யார் முன்வருவோம்?