குதிரைத்திறன் தாளைப் படிப்பது எப்படி?

சென்ற மாதம் என் மைத்துனர் மகன் இரண்டு தாள்களுடன் வீட்டுக்கு வந்தான். சாமராஜநகர் பக்கத்துக் காய்கறியைப் பிக்கப் வண்டியில் ஏற்றி, திம்பம் மலைப்பாதை வழியாகச் சத்தியமங்கலம் பக்கம் கொண்டுபோய் விற்பது அவன் தொழில். வண்டிக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறது.

"மாமா, ஒரு பட்டறையில் சிப் போட்டுப் பார்த்தேன். டைனோவில் 58 காட்டிய வண்டி இப்போது 64 காட்டுகிறது. 18 ஆயிரம் கேட்கிறார்கள். இனி ஒரு டன் கூடுதலாக ஏற்றலாம் என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?" என்று கேட்டான்.

அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கே பாடமாக எழுதுகிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

குதிரைத்திறன் என்பது என்ன?

75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு மெட்ரிக் குதிரைத்திறன். மின்சாரக் கணக்கில் ஏறத்தாழ 735 வாட். ஜேம்ஸ் வாட் வகுத்த ஆங்கிலக் குதிரைத்திறன் 746 வாட், வேறுபாடு சிறிதுதான்.

எஞ்சின் நேரடியாகத் தருவது முறுக்குவிசை, அதாவது டார்க். அதைக் கிலோ-மீட்டரில் எடுத்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கி, 716-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். டைனோ தாளில் இரண்டு கோடுகள் இருந்தாலும் குதிரைத்திறன் கோடு இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். தாளை நம்பும் முன் ஏதாவது ஓர் இடத்தில் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள்.

விளம்பரத்தில் 75, சக்கரத்தில் 58 ஏன்?

விளம்பரத்தில் போடுவது எஞ்சின் தண்டில் அளந்தது. பட்டறை டைனோ அளப்பது உருளைமேல் சுழலும் சக்கரத்தில். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் மூன்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதே அந்த அளவு. இது இரயில்வேயிலும் உண்டு. டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினை 2600 குதிரைத்திறன் என்போம். லோட் பாக்ஸில் வைத்துச் சோதிக்கும்போது இழுவைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. காற்றழுத்தியும் குளிர்விசிறியும் தம் கூலியை முதலில் எடுத்துக்கொள்ளும். ஆகவே 75-க்கு 58 காட்டினால் எஞ்சின் கெட்டது என்று பொருளல்ல.

இரண்டு தாள்களை ஒப்பிடும் முறை

தாளின் அடியில் சிறு எழுத்தில் இருப்பவற்றை முதலில் பார்க்க வேண்டும்: எந்த கியர், எஞ்சின் சூடு, டயர் காற்று, காற்றின் வெப்பநிலை, திருத்தக் காரணி. இவை இரண்டு தாளிலும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிடலாம்.

அவன் தாளில் முதல் ஓட்டத்துக்குத் திருத்தம் 1.00. இரண்டாவதற்கு 1.09. அதாவது உயரமும் வெயிலும் காற்றின் அடர்த்தியைக் குறைக்கின்றன என்பதற்காக, அளந்த எண்ணை 1.09-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கு இது ஓரளவு நியாயம். டர்போ டீசலில் காற்றை அழுத்தித் தள்ளும் கருவியே குறையைப் பெரும்பாலும் ஈடு செய்துவிடும். முழுத் திருத்தம் போட்டால் எண் வீங்கும்.

64-ஐ 1.09-ஆல் வகுத்தால் 58.7. உண்மையான ஏற்றம் முக்கால் குதிரைகூட இல்லை! ஒரே வண்டியை அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டினாலே இவ்வளவு வேறுபாடு வரும்.

"அப்படியானால் சிப் ஒன்றும் செய்யவில்லையா?" என்றான். இந்தத் தாள்கள் அதைக் காட்டவில்லை என்றேன்.

மலைக்கு எவ்வளவு தேவை?

அடுத்தது முக்கியமான கணக்கு. சுமையுடன் வண்டி 3,000 கிலோ, ஏற்றம் 15-க்கு 1 என்று வைப்போம். சரிவு பின்னுக்கு இழுப்பது 200 கிலோ. டயர் உருளும் தடை ஏறத்தாழ 45 கிலோ. மொத்தம் 245. வேகம் மணிக்கு 20 கி.மீ., அதாவது விநாடிக்கு 5.56 மீட்டர். 245 x 5.56 / 75 = 18 குதிரைத்திறன். ஒரு டன் கூட்டினாலும் 24 தான்.

அவன் வண்டிக்கு 1400 சுற்றிலேயே 20.4 கிலோ-மீட்டர் முறுக்குவிசை உண்டு என்று கையேடு சொல்கிறது. 20.4 x 1400 / 716 = 40. வழியில் இழப்பு போனாலும் 30-க்கு மேல் மிஞ்சும். அதாவது சிப் இல்லாமலே வண்டி ஏறும். சக்தி அவனுக்கு என்றுமே குறையாக இருந்ததில்லை.

இறக்கம்தான் கேள்வி

சாமராஜநகரிலிருந்து போகும்போது திம்பத்திலிருந்து பண்ணாரிவரை 27 கொண்டை ஊசி வளைவுகளும் இறக்கம். வண்டி சுமையோடு இறங்குகிறது. திரும்பும்போதுதான் காலியாக ஏறுகிறது. 3,000 கிலோவுக்கு 200-இல் 45 கழித்தால் 155 கிலோ தள்ளும். அதே 20 கி.மீ. வேகத்தில் பதினொன்றரைக் குதிரைத்திறனை எஞ்சின் தடையும் பிரேக்கும் விடாமல் விழுங்க வேண்டும். 4,000 கிலோவானால் அது 15-ஐத் தாண்டும். அத்தனையும் வெப்பமாக மாறும். பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் மிதி இறங்கும், வண்டி நிற்காது. எந்தச் சிப்பும் பிரேக்கைப் பெரிதாக்குவதில்லை. ஆர்.சி.யில் எழுதிய எடையும் அதனால் மாறுவதில்லை.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "போன வாரம் இறங்கும்போது ஒரு வாடை வந்தது மாமா" என்றான். மறுநாள் சிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பார்க்கக் கொடுத்தான். பின் சக்கர லைனிங் தேய்ந்து ரிவெட் தெரிந்தது.

வீட்டுப் பயிற்சி: பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. அதே 3,000 கிலோ வண்டி, அதே இறக்கத்தில் 40 கி.மீ. வேகத்தில் வந்தால் விழுங்க வேண்டிய குதிரைத்திறன் எவ்வளவு? விடை 23. வேகத்தைப் பாதியாக்கினால் அந்தச் சுமையும் பாதி. வண்டி ஓட்டும் அப்பாவிடமோ அண்ணனிடமோ இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.