பம்பை இறக்குவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளை,

தொப்பூர் மேட்டில் லோடோடு ஏறும்போது வண்டி இழுக்காமல் திணறுகிறது, ஒன்றிரண்டு தடவை தானாகவே நின்றும் போனது, பட்டறையில் டீசல் பம்பை இறக்கிவிடலாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இறக்க விடாதே. இழுக்காதபோது புகை எந்த நிறத்தில் வந்தது என்பதை நீயும் எழுதவில்லை; அவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

உன்னுடையது பழைய டாடா 1210. ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, சென்சார் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. செல்ஃப் அடித்து எஞ்சின் பிடித்துவிட்டால், அப்புறம் ஓடுவதற்குக் கரண்டே வேண்டாம். அதனால் ஓடுகிற வண்டி திணறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரண்டைத்தான்: டீசல் அல்லது காற்று. எது என்பதைப் புகை சொல்லிவிடும். மேட்டில் இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் போதவில்லை. கரும்புகை கக்கிக்கொண்டு இழுக்கவில்லை என்றால் டீசல் போகிறது, ஆனால் சரியாக எரியவில்லை: ஏர் பில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் நாசில் தூவாமல் ஒழுகும். காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, சூடானதும் நின்றால் கவலை வேண்டாம். நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அது தனிக் கதை, தனிச் செலவு.

நின்று போகிறது என்கிறாயே, அதை வைத்துப் பார்த்தால் எனக்கு டீசல் வரும் வழியின் மேல்தான் சந்தேகம். எஞ்சின் ஸ்டாப் கேபிள் பாதியில் சிக்கி, பம்ப் லீவர் முழுசாகத் திரும்பாமல் நிற்கிறதா என்று பார். சிரிக்காதே, இதற்கே பம்பை இறக்கியவர்கள் உண்டு. அடுத்து டேங்க் மூடி. அதிலுள்ள காற்றுத் துளை அடைத்துவிட்டால் கொஞ்ச தூரம் ஓடி வண்டி நிற்கும். அப்படி நின்றதும் மூடியைத் திற. உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் வேலை முடிந்தது.

அதுவும் இல்லையென்றால் ஏர் எடுக்கிறது. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கசிவு இருந்தால் டீசல் சொட்டும், சொட்டவில்லை, ஆகவே பைப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள பைப்பில் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அங்கே மயிரிழை விரிசல் இருந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது. காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற மாதிரி. பழைய ரப்பர் ஹோஸ், ஒருமுறை நசுங்கியதையே திரும்பப் போட்ட செம்பு வாஷர், ஃபீட் பம்பின் கைப்பம்ப் குமிழை அடித்துவிட்டுத் திருகி இறுக்காமல் விட்டது, எல்லாமே இந்த வேலையைச் செய்யும்.

கண்டுபிடிக்க ஒரு முழம் கண்ணாடி டியூப் போதும். ஃபீட் பம்புக்குள் போகும் பைப்பில் அதை இடையில் மாட்டி, எஞ்சினை ஓட விட்டுப் பார். முத்து முத்தாகக் குமிழி ஓடினால் காற்று நுழைகிறது. பிறகு ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, சைலன்சர் பக்கம் போகாமல், பம்புக்கு மேலே உயரமாகக் கட்டி, டியூபை அதில் விட்டு ஓட்டு. இப்போது எஞ்சின் ஒரே சீராக ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயையும் வலையையும் மறக்காதே. வண்டல் அடைத்தாலும் இதே கூத்துதான்.

சரிசெய்த பிறகு ஏரை வெளியேற்ற வேண்டும். பில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடி. முதலில் நுரை வரும், பிறகு விட்டுவிட்டு வரும், கடைசியில் நூல் பிடித்தாற்போல் டீசல் வரும். அடிப்பதை நிறுத்தாமலே ஸ்க்ரூவை இறுக்கு. பிறகு பம்பில் உள்ள ஸ்க்ரூவிலும் அதேபோல். அப்புறமும் பிடிக்காவிட்டால் நாசில் பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி செல்ஃப் அடி; டீசல் வந்ததும் இறுக்கு. எஞ்சின் ஓடும்போது அந்தப் பைப் பக்கம் விரலைக் கொண்டுபோகாதே. நாசில் திறப்பதே ஏறத்தாழ 200 கிலோ பிரஷரில்; அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தினது போலத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

இத்தனையும் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால் பம்பை இறக்கு. அப்போதும் சாலையோரத்தில் சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருக விடாதே, டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடைக்கே கொண்டுபோ. சாலையோரத்தில் திருகுகிறவர்கள் டீசலைக் கூட்டி வைத்துக் கொடுப்பார்கள், புகைதான் கூடும்.

புகையின் நிறத்தையும், டியூபில் குமிழி வந்ததா என்பதையும் எழுது. நின்ற வண்டி உடனே ஸ்டார்ட் ஆனதா, கைப்பம்பை அடித்த பிறகா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
மாமா