எளிய உரைக் கோப்பிற் பணிக்குறிப்பு

கல்லூரி மாணாக்கர் ஒருவர்க்கு ஒரு பருவத்தினுள் முடித்தற்குரிய பணிகள் பலவாம். கட்டுரை ஒப்படைத்தல், ஆய்வுக்கூடக் குறிப்பெழுதுதல், நூலகத்து நூலைத் தவணைக்குள் திருப்புதல், கட்டணஞ் செலுத்துதல் என இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். இவற்றைக் குறித்துவைத்தற்கென்று எண்ணிறந்த செயலிகள் இக்காலத்து உள. அவற்றுள் எளிய உரைக் கோப்பில் பணிகளை வைத்தாளும் கருவிகளை மட்டுமே ஈண்டு ஆராய்வாம். அவ்வாறு வரையறுத்துக் கொண்டமைக்குக் காரணமும் உண்டு.

2013ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆஸ்டிரிட் என்னும் பணிக்குறிப்புச் செயலியை யாகூ நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே அது மூடப்பட்டது. பெர்லின் நகரத்திற் பிறந்த வுண்டர்லிஸ்ட் என்னும் செயலியை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் வாங்கி, 2020ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நிறுத்திவிட்டது. தம் நாட்கடமைகளையெல்லாம் அவற்றில் எழுதிவைத்திருந்தோர் பிறிதோரிடத்திற்குக் குடிபெயர வேண்டியவராயினர். செயலியை ஆக்கினோரைக் குறைகூறுதல் நமது கருத்தன்று. வாணிகத்தில் வாங்கலும் மூடலும் இயல்பே. ஆயினும் ஒருவருடைய கடமைகளின் பட்டியல் பிறரது வாணிகத்தோடு பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டுமோ என்பதே வினா.

எளிய உரைக் கோப்பாவது, எழுத்தும் எண்ணும் குறியும் இடைவெளியுமன்றி வேறொன்றும் இல்லாத கோப்பு. தடித்த எழுத்து, நிறம், படம் முதலியன அதன்கண் இல்லை. எந்தக் கணினியிலும், எந்தப் பதிப்பானிலும் அதனைத் திறந்து படிக்கலாம். ஆகவே, கருவியைத் தெரிந்தெடுக்கப் புகுவார் முதற்கண் கேட்கவேண்டியது, 'இக்கருவி என்னென்ன செய்யும்?' என்பதன்று, 'இக்கருவி இல்லாதபோது என் கோப்பு என்னவாய் நிற்கும்?' என்பதாம்.

இவ்வளவைகொண்டு பார்ப்பின் மிக எளிதாய்த் தோன்றுவது டூடூ.டெக்ஸ்ட் என்னும் முறை. ஜீனா திரப்பானி என்னும் அம்மையார் 2006இல் இதனை வெளியிட்டனர். ஒரு பணிக்கு ஒரு வரி; அதுவே முதல் விதி. முதன்மையான பணியாயின் வரியின் தொடக்கத்திற் பிறை அடைப்புக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்தொன்றை இடவேண்டும். எத்திட்டத்தைச் சார்ந்ததென்பதைக் கூட்டற்குறியாலும், எவ்விடத்திற் செய்வதென்பதை @ குறியாலும் காட்டவேண்டும். 'நூலைத் திருப்புதல் +வரலாறு @நூலகம்' என்று எழுதிவிட்டால் அவ்வரி நிறைவுற்றது. பணி முடிந்தபின் வரியின் தலையிற் சிறிய எக்ஸ் எழுத்தை இடுதலே போதும். நாளைக் குறிக்குங்கால் 2026-01-12 என ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் எழுதுவர். இதிலொரு நுட்பம் உண்டு: அவ்வாறு எழுதிய நாட்களை வெறும் அகரவரிசைப்படி அடுக்கினாலே அவை கால வரிசையில் நின்றுவிடும். கணினிக்கு நாட்காட்டி தெரிந்திருக்க வேண்டுவதில்லை.

ஒரு வரியில் அடங்காத பணிகளும் உள. ஆய்வேடு எழுதுவார்க்கு ஒரு பணியின்கீழ்ப் பத்துச் சிறுபணிகளும், அவற்றின்கீழ்க் குறிப்புகளும், படித்த நூல்களின் சுருக்கமும் வேண்டப்படும். அத்தகையோர்க்கு ஆர்க் மோடு ஏற்றது. வானியலாராகிய கார்ஸ்டன் டொமினிக் என்பார் 2003இல் இதனைத் தொடங்கினார். ஈமேக்ஸ் என்னும் பழம்பெரும் பதிப்பானுக்குள் இது இயங்குகின்றது. உடுக்குறிகளின் எண்ணிக்கை தலைப்பின் படிநிலையைக் காட்டும். ஒவ்வொரு தலைப்பும் ஒரு பணியாகலாம். பல கோப்புகளிற் சிதறிக்கிடக்கும் தவணைகளை யெல்லாம் திரட்டி ஒரு வாரத்து நிரலாகக் காட்டுவதும், வேறு ஏற்பாடு செய்யாதவிடத்துத் தவணைக்குப் பதினான்கு நாள் முன்பிருந்தே எச்சரிப்பதும் இதன் தனிச்சிறப்பு. ஆனால் ஈமேக்ஸின் விசைக்கட்டளைகள் கைப்பழக்கமாவதற்குப் பொறுமை வேண்டும். தேர்வுக்கு மூன்று கிழமை இருக்கும்போது அதனைக் கற்கத் தொடங்குதல் தகாது. கருவியை ஒழுங்குபடுத்துதலே பணியாகி, பணி அப்படியே கிடக்கக் காண்பது அரிதன்று.

டாஸ்க்வாரியர் என்பது 2008இல் வெளிவந்த கருவி. கட்டளை வரியில் இயங்குவது. வடித்தெடுத்துக் காட்டுவதில் இதன் ஆற்றல் பெரிது. நெடுங்காலம் இது தன் செய்திகளை உரைக் கோப்புகளிலேயே வைத்திருந்தது. 2024இல் வெளியான மூன்றாம் பதிப்போ அவற்றை எஸ்கியூலைட் தரவுத்தளத்திற்கு மாற்றிவிட்டது. வேண்டும்போது ஜேசன் வடிவில் உரையாக வெளியே எடுக்கலாம். எனினும் பதிப்பானில் நேரே திறந்து திருத்தும் வழி இன்றில்லை. ஆகவே பெயரளவில் உரைக்கருவிகளோடு எண்ணப்படுவதாயினும், இன்று இதனை அவ்வரிசையிற் சேர்த்தல் பொருந்தாதென்பது நமது துணிபு. மார்க்டவுன் கோப்புகளில் வெற்றுப் பகர அடைப்பு இட்டுப் பணிகளைக் குறிப்பது பிறிதொரு வழக்கம். பாடக்குறிப்புகளை முன்னரே அவ்வடிவில் எழுதுவார்க்கு அது போதும்.

இம்முறையின் குறைகளையும் சொல்லவேண்டும். உரைக் கோப்பு தானாக மணியடித்து எழுப்பாது. பலர் கூடிச் செய்யும் விழா ஏற்பாடு போன்றவற்றிற்கு இது பெரிதும் உதவாது. கைபேசியிலும் கணினியிலும் ஒரே கோப்பை வைத்து, இணைப்பில்லாதபோது இரண்டிலும் திருத்தினாலோ, டிராப்பாக்ஸ் போன்ற சேவை எதனைக் கொள்வதென்றறியாது இரண்டாம் படியொன்றை உண்டாக்கிவிடும். அப்போது இரண்டையும் அருகருகே வைத்து வரிவரியாய் ஒப்புநோக்க வேண்டும். அங்கும் ஒரு பணிக்கு ஒரு வரி என்னும் விதியே கைகொடுக்கும். வேறுபட்ட வரிகள் எவையென்று கண்ணாலேயே காணலாம்.

தமிழிற் பணிகளை எழுதுவார் ஆராயவேண்டுவது மற்றொன்றுளது. கோப்பு ஒருங்குறியில், யூடிஎஃப்-8 முறையிற் சேமிக்கப்படல் வேண்டும். தனித்தனி எழுத்துருக் குறியாக்கங்களில் முன்னாளில் எழுதப்பட்ட தமிழ்க் கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிக்குவியலாய்த் தோன்றுதல் பலரும் அறிந்ததே. ஒருங்குறியிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்னும் எழுத்தைக் ககரத்தோடு ஒற்றை ஒகரக்குறி சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்முறையில் வேறாகலின், கிரெப் போன்ற தேடுகருவி ஒன்றைத் தேடும்போது மற்றொன்றைக் காணாது விட்டுவிடும். 'கொடுத்தல்' என்று தேடியும் கொடுக்கவேண்டிய கட்டுரை அகப்படாமற் போவது இதனாலேயாம். ஆகவே, கருவியொன்றைக் கொள்ளுமுன் கொகரமும் மோகரமும் வருகின்ற சில பணிகளைக் கைபேசியிலும் கணினியிலும் தனித்தனியே எழுதி, ஓரிடத்திருந்து தேடிப்பார்த்து, எல்லாம் அகப்படுகின்றனவா என்று கண்டபின் மற்றவற்றை ஏற்றுக.