நிற்கும் காலை முதலில் பழக்குங்கள்

பெருமூளை வாதம் உள்ள ஒரு பிள்ளை மைதானத்துக்கு வந்து, "சேர், நானும் விளையாடட்டோ?" என்று கேட்டால், கரையில் இருத்திப் புள்ளி எழுத விடாதீர்கள். இவர்களுக்கென்றே ஓர் உதைபந்தாட்டம் இருக்கிறது. அணிக்கு ஏழு பேர், 30 நிமிடமாக இரண்டு பாதி, சிறிய மைதானம், ஓஃப்சைட் இல்லை. வெளியே போன பந்தை ஒரு கையால் உருட்டியும் உள்ளே விடலாம். 1984 முதல் 2016 வரை பராலிம்பிக்கிலும் ஆடப்பட்டது.

வன்னியில் வேலை பார்க்கும் விளையாட்டு உத்தியோகத்தர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கவாதத்தாலோ தலைக்காயத்தாலோ இதேபோல் பாதிக்கப்பட்டவர்களும் இந்த ஆட்டத்தில் சேரலாம். 2009 போரில், பிள்ளைகளாக இருந்தபோது தலையில் செல் துண்டு பட்டு, ஒரு பக்கக் கை கால் பலமிழந்தவர்கள் இன்று ஆடும் வயதில் இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்டு அவர்களைத் தேடுங்கள். ஆனால் தலைக்குள் துண்டு இருப்பவரையும் வலிப்பு வருபவரையும் வைத்தியர் பார்த்துச் சம்மதிக்காமல் இறக்க வேண்டாம். அவர்களைத் தலையால் பந்தடிக்க விடவே கூடாது.

இனி உடம்பு. காலை நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுவதால், வெறும் நடைக்கே சிலருக்கு இரண்டு மூன்று மடங்கு சக்தி போகும். விசுவமடுவில் பஸ் ஏறி வந்து, இறங்கிய இடத்திலிருந்து மைதானம் வரை நடந்தவர் பயிற்சிக்கு முன்பே களைத்திருப்பார். அவரை இருத்தித் தண்ணீர் கொடுங்கள். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லும் வழக்கம் இங்கே உதவாது.

நேராக ஓடுவது பலருக்கு வரும். சட்டென்று நிற்பதும் திரும்புவதும்தான் உடம்பை வாட்டும். ஒரு பக்கம் பலமிழந்தவர் நல்ல காலால் அடிக்கும்போது முழுப் பாரமும் பலமில்லாத காலில் இறங்குகிறது. இதைப் பெரும்பாலான பயிற்றுவிப்பாளர்கள் பார்ப்பதில்லை. ஆகவே முதலில் கம்பத்தைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்கப் பழக்குங்கள், பிறகு பிடிக்காமல், அதன் பிறகே மெதுவாக உருண்டு வரும் பந்து. பயிற்சிக் கொப்பியில் நிமிடத்தோடு, எத்தனை தரம் நின்று திரும்பினார் என்பதையும் எழுதுங்கள். கால்விரல் மண்ணில் இழுபடத் தொடங்கினால் உடனே வெளியே எடுங்கள், அடுத்தது விழுகைதான்.

ஆனி, ஆடி வெயிலில் மாலை நாலரைக்கு முன் தொடங்காதீர்கள். மாரியில் சேற்றை விட்டுப் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போங்கள்.

அணியைத் தெரிவு செய்யும்போது வேகமானவர்களை மட்டும் பொறுக்குவது பிழை. வீரர்களை மூன்று வகுப்பாகப் பிரிப்பார்கள். பாதிப்புக் கூடியவர் ஒருவராவது எப்போதும் களத்தில் நிற்க வேண்டும்; பாதிப்புக் குறைந்தவர் ஒருவருக்கு மேல் நிற்கக் கூடாது. ஆகவே மெதுவாக ஓடுபவருக்கும் முழுப் பயிற்சி கொடுங்கள். அவருக்குப் பேச்சுத் தடுமாறினால், "நோகுது" என்ற சொல் வெளியே வர நேரமெடுக்கும். கை உயர்த்தினால் விசில் என்று முதல் நாளே பேசி வையுங்கள்.