டூரிங் டாக்கீஸ் லினக்ஸ்

கணினி: கேள்வி-பதில்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. இனி அதற்கு அப்டேட் வராது, புது விண்டோஸும் இதில் ஏறாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அண்ணன் மகனோ, "லினக்ஸ் லைவ் சிடி போட்டுப் பாருங்க அத்தை" என்கிறான். எதையாவது போடப்போய், உள்ளே இருக்கும் படங்களும் கணக்கு வழக்குகளும் போய்விட்டால்? லைவ் சிடி என்றால்தான் என்ன? (ஒரு வாசகி, திருவாரூர்)

டீச்சர், கடைக்காரர் சொன்னது சரிதான். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத இயந்திரத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். உடம்பில் ஒரு குறையும் இல்லாத லேப்டாப்புகள் இப்படித்தான் பரணுக்குப் போகின்றன. உங்கள் மருமகப் பிள்ளை நல்ல வழியே சொல்லியிருக்கிறார்.

அறுவடை முடிந்த வயலில் டூரிங் டாக்கீஸ் வந்து இறங்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூடாரம், திரை, புரொஜெக்டர், படப்பெட்டி எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். நம்முடையது தரை மட்டும்தான். ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். லைவ் சிடியும் அப்படியே. வழக்கமாக விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதளம் ஹார்ட் டிஸ்கில் குடியிருக்கும். லைவ் சிடியில் இருக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளமோ, தட்டிலிருந்து நேராக உங்கள் ரேம் நினைவகத்துக்கு வந்து கூடாரம் போடும். உங்கள் புராசஸர், திரை, விசைப்பலகையைப் பயன்படுத்திக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கைத் தானாகத் தொடாது. கணினியை அணைத்தால் ரேம் காலி, கூடாரமும் காலி. அடுத்த முறை இயக்கினால் பழைய விண்டோஸ் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து வரும்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. "தானாகத் தொடாது" என்றேனே தவிர, தொட முடியாது என்று சொல்லவில்லை. திரையில் 'இன்ஸ்டால்' என்றொரு படம் இருக்கும். அதைச் சொடுக்கி, கேட்கிற கேள்விக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே போனால் விண்டோஸும் படங்களும் சேர்ந்தே போகும். முதல் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். எதற்கும் முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். கணக்கு டீச்சருக்குச் சரிபார்க்கும் பழக்கத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: என் லேப்டாப்பில் சிடி போடும் இடமே இல்லையே? (கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

இப்போது யாரிடமும் இல்லை, தம்பி. பெயர் மட்டும்தான் சிடி, வேலை பார்ப்பது பென் டிரைவ். ஜெர்மனியின் கிளவுஸ் கினாப்பர் 2000-இல் வெளியிட்ட 'கினாப்பிக்ஸ்' இந்த வித்தையைப் பரவலாக்கியது. 700 எம்பி கொள்ளும் தட்டுக்குள் சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார். அப்புறம் உபுண்டு என்ற லினக்ஸ் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் 2011 வரை தபாலில் இலவசமாகவே தட்டு அனுப்பினார்கள். 2004-இல் வந்த முதல் உபுண்டுவில் பார்ப்பதற்கு ஒரு தட்டு, நிறுவுவதற்கு வேறொரு தட்டு. 2006-இல் வந்த 6.06 பதிப்பிலிருந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. திருவாரூர் டீச்சரை நான் எச்சரித்த 'இன்ஸ்டால்' படம் லைவ் திரையில் வந்து உட்கார்ந்த கதை இதுதான்.

சிடியில் ஒரு மென்பொருளைத் திறந்தால், டிரைவ் உறுமிக்கொண்டு சுற்றும். நாம் காபி குடித்துவிட்டு வரலாம். பென் டிரைவில் அந்தக் காத்திருப்பு இல்லை. 8 ஜிபி பென் டிரைவ் போதும். நீல நிற யுஎஸ்பி துளை இருந்தால் அதில் செருகுங்கள். பெரும்பாலும் அதுதான் வேகமானது.

கேள்வி: எந்த லினக்ஸ்? நூறு பெயர் சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது. (வாசகர், ஈரோடு)

விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று கை பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கும். 2 ஜிபி ரேமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. மின்டிலேயே சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகங்கள் உண்டு. பழைய இயந்திரம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள். அதற்கும் முடியாத முதிய இயந்திரத்துக்கு 'பப்பி லினக்ஸ்' இருக்கிறது. அது மொத்தமாக ரேமுக்குள் ஏறி உட்கார்ந்துவிடும்.

கேள்வி: ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கிப் பென் டிரைவில் காப்பி செய்தேன். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. (வாசகி, யாழ்ப்பாணம்)

புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஐஎஸ்ஓ என்பது ஒரு முழுத் தட்டின் அச்சு. அதைச் சும்மா காப்பி செய்வது, கூடாரத்தை மூட்டையாகவே வயலில் போட்டுவிட்டுப் படம் தெரியவில்லை என்பது போல. மூட்டையைப் பிரித்துக் கட்ட ஓர் ஆள் வேண்டும். விண்டோஸில் அந்த வேலைக்கு 'ரூஃபஸ்' என்ற சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவைச் செருகி, ரூஃபஸைத் திறந்து, ஐஎஸ்ஓவைக் காட்டி, 'ஸ்டார்ட்' அழுத்தினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அழுத்தும் முன் இரண்டு சோதனைகள்.

முதலாவது, பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருநாள் அவசரத்தில் இரண்டு பென் டிரைவ்கள் செருகியிருந்தன. இரண்டும் 16 ஜிபி, பட்டியலில் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றே. 'எல்லாம் அழியும், சம்மதமா?' என்று ரூஃபஸ் கேட்கத்தான் செய்தது. சம்மதம் என்றேன். பேத்தியின் பெயர்சூட்டு விழாப் படங்கள் இருந்த பென் டிரைவில் லினக்ஸ் அழகாக உட்கார்ந்துகொண்டது. வீட்டில் ஒரு மாதம் எனக்குக் காபி சூடாக வரவில்லை. வேலைக்கு வேண்டிய பென் டிரைவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது, இறங்கிய கோப்பு அசல்தானா என்று பாருங்கள். பதிவிறக்கப் பக்கத்தில் ஷா-256 என்ற பெயரில் 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி இருக்கும். ரூஃபஸில் 'செலெக்ட்' பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள டிக் குறியை அழுத்தினால், உங்கள் கோப்பின் வரியைக் கணக்கிட்டுக் காட்டும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இது வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்டின் வலைத்தளத்துக்குள் திருடர்கள் புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைக் கள்ளக் கதவு வைத்த போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். செய்தி தெரிந்ததும் மின்ட் குழுவினர் பயனர்களுக்குச் சொன்னது, கோப்பின் சோதனை வரியை ஒத்துப் பாருங்கள் என்பதுதான்.

கேள்வி: பென் டிரைவ் தயார். ஆனால் கணினியைப் போட்டால் நேராக விண்டோஸே வருகிறது. (வாசகர், வேலூர்)

கணினிக்குப் பழக்கதோஷம். வேறு பாதையைக் காட்ட, இயக்கிய முதல் ஓரிரு விநாடிகளில் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ என்றால் பொதுவாக எஃப்12. எச்பியில் எஸ்கேப் தட்டி, பிறகு எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் சில மாடல்களில் அதை முதலில் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் போய்த் திறந்துவிட வேண்டும். வருகிற சிறு பட்டியலில் பென் டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

செக்யூர் பூட் என்ற பூட்டைக் கழற்றச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். உபுண்டுவும் மின்டும் அந்தப் பூட்டோடேயே வேலை செய்யும். அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்து, அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பூட்டில் கை வைத்ததும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டு வாசலில் நிற்கக்கூடும்.

மின்டின் மெனு வந்ததும் முதல் வரியில் என்டர். திரை கறுப்பாகவே நின்றால் பதற வேண்டாம். மறுபடி இயக்கி 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். கிராஃபிக்ஸ் சிக்கல் பலவற்றைத் தாண்டி எளிய முறையில் திறக்கும்.

கேள்வி: லைவ் லினக்ஸ் ஓடிவிட்டது! அழகாகவும் இருக்கிறது. இனி என்ன பார்க்க வேண்டும்? (வாசகி, மதுரை)

அழகை அப்புறம் ரசிக்கலாம். லைவ் லினக்ஸின் உண்மையான பயன், உங்கள் இயந்திரத்துக்கும் லினக்ஸுக்கும் ஜாதகம் பொருந்துகிறதா என்று கல்யாணத்துக்கு முன்பே பார்ப்பது. நான் பார்க்கும் வரிசை இது:

முதலில் வைஃபை. கீழ்ப்பட்டையில் வலது ஓரத்தில் உங்கள் வீட்டு இணைப்பின் பெயர் தெரிகிறதா? பெயரே வராவிட்டால் அந்த வைஃபை சில்லுக்குத் தனி டிரைவர் தேவைப்படலாம். அதுவரை கைபேசியை யுஎஸ்பி வயரில் இணைத்து இணையம் பெறலாம்.

அடுத்து ஒலி. ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள், ஹெட்ஃபோனையும் செருகிப் பாருங்கள். கேமராவையும் மைக்கையும் திறந்து பாருங்கள். பிரின்டரில் ஒரு பக்கம் அச்சிடுங்கள். லேப்டாப் மூடியைச் சாத்தி இரண்டு நிமிடம் கழித்துத் திறங்கள். தூங்கிய கணினி எழுந்திருக்கிறதா என்பது, பலர் கவனிக்காமல் விட்டுப் பிறகு வருந்தும் சோதனை.

கடைசியாக, உங்கள் அன்றாட வேலை. பயர்பாக்ஸில் வங்கிப் பக்கம் திறக்கிறதா? உங்கள் எக்செல் கோப்பு லிப்ரே ஆபீஸில் ஒழுங்காக வருகிறதா? தமிழ் படிப்பது சிக்கலில்லை, எழுத்துரு உள்ளேயே இருக்கும். தட்டச்சுக்கு விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்க்கலாம். தமிழ்99 பழகியவர்கள் ஐபஸ் என்ற வசதியை நிறுவி அதில் எடுத்துக்கொள்ளலாம். டேலி போன்று விண்டோஸுக்கென்றே எழுதிய மென்பொருள்தான் உங்கள் பிழைப்பு என்றால், விண்டோஸை அழிக்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்டதும் இந்தச் சோதனையின் வெற்றிதான்.

கேள்வி: லைவ் லினக்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு கட்டுரை அடித்துச் சேமித்தேன். மறுநாள் காணோம். (வாசகர், தஞ்சாவூர்)

ஐயோ, கூடாரத்தோடு சேர்த்துச் சுருட்டிவிட்டார்கள். நீங்கள் சேமித்த 'டாக்குமென்ட்ஸ்' இருந்தது ரேமில், அணைத்ததும் போய்விட்டது. எதையும் வேறொரு பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ போட்டு வைத்த பிறகே அணையுங்கள். வைஃபை கடவுச்சொல், மொழி அமைப்பு எல்லாமும் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் தர வேண்டியிருக்கும்.

இது அலுப்பாக இருந்தால் வழி உண்டு. உபுண்டு வகையறாவுக்குப் பென் டிரைவ் தயாரிக்கும்போது ரூஃபஸில் 'பெர்சிஸ்டென்ட்' என்றொரு நகர்த்தி தெரியும். அதை இழுத்து 4 ஜிபி ஒதுக்கினால், மாற்றங்கள் பென் டிரைவிலேயே தங்கும். ஆனால் பென் டிரைவ் நிரந்தர வீடாகாது. அடிக்கடி எழுதி எழுதித் தேய்ந்துபோகும்.

கேள்வி: விண்டோஸே திறக்காத கணினியிலிருந்து கோப்புகளை எடுக்க முடியுமா? (வாசகி, சேலம்)

முடியும். லைவ் லினக்ஸை வேண்டாம் என்பவர்கள்கூட ஒன்றைத் தயாரித்து மேசை இழுப்பறையில் போட்டு வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கோப்பு மேலாளரைத் திறந்தால் இடப்பக்கம் உங்கள் ஹார்ட் டிஸ்க் தெரியும். அதைச் சொடுக்கி, 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரைத் தேடி, வேண்டியதை வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருந்தால், படிக்க மட்டுமே அனுமதி கிடைக்கலாம். எடுத்துக்கொள்ள அது போதும். பிட்லாக்கர் இருந்தால் மீட்பு எண் இல்லாமல் திறக்காது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: எதையும் தொடாது என்றார்களே! லைவ் லினக்ஸ் பார்த்துவிட்டுத் திரும்பினால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. (வாசகர், நாகர்கோவில்)

நல்ல கண் உங்களுக்கு. மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. அதில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். இணையம் கிடைத்ததும் லினக்ஸ் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கி, தன் வழக்கப்படி அதில் எழுதிவிட்டது. இந்திய நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், உங்களுக்கு அந்த அளவு பின்தங்கித் தெரிகிறது. விண்டோஸின் தேதி, நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்துங்கள், சரியாகிவிடும்.

டூரிங் டாக்கீஸ் போன மறுநாள் வயலில் கூடாரம் கட்டிய முளைக்குழிகள் மட்டும் கிடக்கும். காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு உழப் போவோம். இதுவும் அப்படி ஒரு குழிதான்.