எந்தக் கூட்டத்திற்குப் போவது?

குடியை விட்டொழிக்க எண்ணி ஏ.ஏ. கூட்டத்திற்கு ஒரு நாள் போய், மனம் ஒட்டாமல் திரும்பினீரோ? அது உமக்கு ஆகாதென்று அதற்குள் தீர்மானித்துவிடாதேயும்.

1935-ம் ஆண்டு அமெரிக்காவில் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்பவரும் மருத்துவர் பாப் ஸ்மித்தும், குடிநோயாளிகள் இருவர், ஒருவரையொருவர் தாங்கியதில் பிறந்த கூட்டுறவு அது. கட்டணமில்லை, குடியை நிறுத்தும் ஆசை ஒன்றே போதும். இது வேறொரு மதமோ என்று சில கத்தோலிக்கர் அஞ்சுவதுண்டு. 1939-ல் அந்நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் இந்நோயாளிகளைச் சேர்த்துப் பராமரித்தவர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரியே!

ஆனால் ஒரு குழுவைப்போல் மற்றொன்று இராது. ஓரிடத்தில் பன்னிரு படிகளை வாசித்து ஆராய்வார்கள். வேறிடத்தில் ஒருவர் தம் கதையைச் சொல்ல, மற்றவர் கேட்பார்கள். திறந்த கூட்டத்திற்கு யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டுமே. தெரிந்தவர் கண்ணில் படக் கூசுகிறீரா? பக்கத்து ஊர்க் கூட்டத்திற்குப் போம். பேசித்தான் ஆகவேண்டுமென்பதில்லை. ஐந்தாறு இடங்களையாவது பார்த்தபின், மனம் திறக்கக்கூடிய ஒன்றில் நிலையாயிரும். உம் மனைவி மக்களுக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டமுண்டு.

பல்லாண்டுகளாகத் தினமும் குடிப்பவரானால், திடீரென நிறுத்துமுன் மருத்துவரைப் பாரும். வலிப்புக் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.