சவர்க்காரக் கட்டி முதல் பால்மரம் வரை: செதுக்கும் கலை பற்றி ஒரு பாடம்



செதுக்கும் கலை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மாமல்லபுரம், கருங்கல், சிற்றுளி, ஸ்தபதி. ஊரிலிருந்து வருகிற சிற்பிகள் நம் கோயில் திருப்பணியைச் செய்துவிட்டுப் போவார்கள், நாம் நின்று வேடிக்கை பார்ப்போம். "நாம தோட்டத்துல இருந்து வந்தவங்க, நமக்கு ஏது கலைப் பரம்பரை"ன்னு நம்ம வயசுப் பசங்களே சொல்றதைக் கேட்டிருக்கேன். அது உண்மையா என்று பார்ப்பதுதான் இந்தப் பாடம். நான் பொறியியல் படிக்கிற மாணவன், சிற்பி இல்லை. அதனால் பொருளின் பக்கமிருந்து தொடங்குகிறேன்.

1. கூட்டுவதும் குறைப்பதும்

உருவம் செய்ய முக்கியமான இரண்டு வழிகளைப் பார்ப்போம். ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. கோபுரத்துச் சுதைச் சிற்பம், களிமண் பிள்ளையார், இன்றைய முப்பரிமாண அச்சு எல்லாம் இந்த வகை. மற்றொன்று, வேண்டாததை எடுத்துவிடுவது. செதுக்குதல் இந்த இரண்டாவது வகை. பட்டறையில் லேத் இயந்திரம் செய்வதும் இதே வேலைதான்.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. களிமண்ணில் மூக்கு சரியா வரலைன்னா எடுத்து ஒட்டிக்கலாம். செதுக்கும்போது போன மூக்கு போனதுதான்! கழுகுமலையில் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு. மலைப் பாறையையே மேலிருந்து கீழாக வெட்டி ஒரு முழுக் கோயிலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். விமானம் முடிந்திருக்கிறது, அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. முதலில் சிகரம், கடைசியில் அடித்தளம். கட்டடம் கட்டுகிற முறைக்கு நேர் தலைகீழ். உளியை வைக்கும் முன்பே முழுக் கோயிலும் அவர்கள் மனசில் இருந்தாக வேண்டும்.

2. பொருளிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: நீ எவ்வளவு கடினம்? இதற்கு 1812இல் ஃபிரடெரிக் மோஸ் ஓர் அளவுகோல் கொடுத்தார். 1 முதல் 10 வரை. டால்க் 1, வைரம் 10. நம் நகம் சுமார் 2.5. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 7. பாட்டி காலத்துக் கல்சட்டி மாக்கல்லில் செய்தது. அந்த மாக்கல்லில் டால்க் அதிகம், அதனால் அது உளிக்கு எளிதாக வளைந்துகொடுக்கும்.

இரண்டாவது கேள்வி: உன் வரி எந்தப் பக்கம் ஓடுது? மரத்துக்கு நார் உண்டு. நாரோடு போனால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்துப் போனால் பிளக்கும்.

மூன்றாவது கேள்வி: நேரம் போனா நீ என்ன ஆவே? காயுமா, இறுகுமா, கறுக்குமா, அழுகுமா?

இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் வீட்டுச் சமையலறையில் கிடப்பதும் சிற்பப் பொருள்தான். சில உதாரணம் பார்ப்போம்.

மலாக்காவின் செம்பூரான்கல். பண்டார் ஹிலிரில் ஆ ஃபாமோசா வாசலைப் பார்க்காத மலாக்காக்காரர் இருக்க முடியாது. 1511இல் ஊரைப் பிடித்த போர்த்துகீசியர் கட்டிய கோட்டையின் மிச்சம் அது. அந்தச் சிவப்புக் கல்லின் பெயர் லேட்டரைட். இரும்பு நிறைந்தது. தரையிலிருந்து எடுக்கும்போது ஈரமாக, வெட்டுவதற்கு வாகாக இருக்கும். காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஃபிரான்சிஸ் புக்கானன் கேரளத்தில் இந்தக் கல்லைப் பார்த்து, செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்து 1807இல் எழுதினார். அதே 1807இல்தான் ஆங்கிலேயர் மலாக்காக் கோட்டையை இடிக்கத் தொடங்கினார்கள்.

தஞ்சாவூர் நெட்டி. குளத்திலும் சதுப்பிலும் வளர்கிற செடியின் தண்டு. தோலைச் சீவினால் உள்ளே தந்தம் மாதிரி வெள்ளையாக இருக்கும், ஆனால் எடையே இருக்காது. தஞ்சைக் கைவினைஞர்கள் இதில்தான் பெரிய கோயில் மாதிரியைச் செய்கிறார்கள். 2020இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. களைச்செடி என்று பிடுங்கி எறியக்கூடிய ஒன்று!

தேங்காய்ச் சிரட்டை. சிரட்டை அகப்பை நமக்குத் தெரிந்ததுதான். கடினம், ஆனால் தட்டினால் விரிசல் விடும். அதனால் உளி ஆகாது. இரும்பறுக்கும் ரம்பத்தால் மெதுவாக அறுத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புப் பளபளப்பு வரும். தூசு நிறைய பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வாழை மரம். நாம் மரம் என்கிறோம், உண்மையில் அது மட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்ட உருளை. உள்ளே காற்றறைகள், நிறைய தண்ணீர். கத்தி வெண்ணெயில் போவதுபோல் போகும். ஒரே சிக்கல், வெட்டிய இடம் கறுத்துப்போகும். இதற்கு மருந்து நம் அம்மாக்களுக்குத் தெரியும். வாழைத்தண்டு நறுக்கினால் மோரில்தானே போடுவார்கள்? புளிப்பு அந்தக் கறுப்பைத் தாமதப்படுத்தும். செதுக்கியதன் மேல் எலுமிச்சைச் சாறு தெளித்தால் அதே பலன்.

3. நம் தாத்தா பாட்டி செதுக்கியது

இப்போது பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம்.

1896இல் டான் சே யான் என்பவர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக ரப்பர்த் தோட்டம் தொடங்கிய இடம் அது. நடுவது சரி, பால் எடுப்பது எப்படி? பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்தினார்கள். மரம் காயப்பட்டுக் கெட்டுப்போகும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி 1890களில் வேறு வழியைக் கண்டார். புதிதாகக் கொத்தாமல், அதே வெட்டின் ஓரத்தை ஒவ்வொரு முறையும் மெல்லியதாகச் சீவி எடுப்பது. அதாவது, கொத்துவதை விட்டுச் செதுக்குவது.

இதை ஒரு பொறியியல் கணக்காகப் பாருங்கள். பால் குழாய்கள் உள்பட்டையில் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. அதனால் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிய வேண்டும், ஏறக்குறைய 30 பாகை. அப்போதுதான் நிறைய குழாய் அறுபடும், பாலும் சிந்தாமல் கோப்பைக்கு ஓடும். பட்டைக்கு உள்ளே மரத்தை வளர்க்கிற மெல்லிய படலம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளிக் கத்தி நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடிவிட்டால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகத்தான் வளரும். ஒரு முறை சீவும் பட்டை 1.5 மில்லிமீட்டர் என்று வைத்தால், 150 முறைக்கு 225 மில்லிமீட்டர். கொஞ்சம் தடிமனாகச் சீவினாலும் மரத்தின் ஆயுளில் சில வருஷத்தைச் சாப்பிட்டுவிடுவோம்.

இதை விடியும் முன்பு, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரத்துக்குச் செய்தார்கள். ஏன் விடியற்காலை? அப்போதுதான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும்.

என் பாட்டி ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஆழம் எப்படிப் பாட்டி தெரியும் என்று கேட்டேன். "கண்ணுக்குத் தெரியாதுப்பா, கத்திதான் சொல்லும். உள்ள போகப் போகச் சத்தம் மாறும்"னு சொன்னாங்க. பொருளைக் கேட்பது என்று நான் மேலே எழுதினேனே, பாட்டி அதை நிஜமாகவே காதால் கேட்டிருக்கிறார். பட்டறையில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்துக்கு நாங்கள் இயந்திரத்தை நம்புகிறோம். அவர்கள் மணிக்கட்டை நம்பினார்கள்.

மரத்தில் செய்த யானையைப் பற்றித் திருமூலர் திருமந்திரத்தில் பாடியிருப்பதைத் தேவார வகுப்பில் படித்திருப்பீர்கள். யானையைப் பார்ப்பவருக்கு மரம் தெரியாது, மரத்தைப் பார்ப்பவருக்கு யானை தெரியாது. அவர் சொன்னது பரம்பொருளைப் பற்றி. ஆனால் நம் கதைக்கும் அது பொருந்துகிறது. நாம் கூலி வேலையை மட்டும் பார்த்தோம், அதற்குள் இருந்த கலை தெரியாமலே போய்விட்டது.

இன்று மலாக்காவில் பல தோட்டம் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டது. சீவத் தெரிந்த கைகள் எல்லாம் வயதாகிவிட்டன. எழுதி வைக்காத இந்த அறிவு அந்தக் கைகளோடு போய்விடும்.

இன்னொன்று. பால் வற்றிய மரத்தை 25, 30 வருஷத்தில் வெட்டுவார்கள். முன்பு அது பெரும்பாலும் விறகு. இப்போது மருந்தேற்றி உலர்த்தி மேசை நாற்காலி செய்கிறார்கள். வெளிர் நிறம், சீரான வரி. தச்சுப் பட்டறையில் துண்டு கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். மரச்செதுக்கு பழக நல்ல பொருள்.

4. காவடியும் போலிஸ்டைரினும்

நம்ம பசங்க இப்போது அதிகம் செதுக்குவது போலிஸ்டைரின். காவடி மயில், மணவறைத் தூண், மேடை அலங்காரம் எல்லாம் அதுதான். இந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சூடான கம்பியால் ஒரு மயில் கழுத்தை ஒரே இழுப்பில் கொண்டுவருகிற தம்பிகளைப் பார்த்திருக்கேன். அதுவும் கலைதான்.

ஆனால் மூன்றாவது கேள்வியை இதனிடமும் கேட்க வேண்டும். நேரம் போனால் நீ என்ன ஆவே? பெரும்பகுதி காற்றுதான், ஆனால் மக்காது. நொறுங்கி மணி மணியாக ஆற்றுக்குப் போகும். சூட்டுக் கம்பி பட்டால் வருகிற புகையில் ஸ்டைரின் இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தர வாய்ப்பு அதிகம் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் அதை வகைப்படுத்தியது. மூடிய அறையில் இந்த வேலை வேண்டாம். மீதித் துண்டை எரிக்கவே கூடாது.

முழுவதும் நிறுத்துங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. காவடிக்கு எடை குறைவாக இருக்க வேண்டும் என்பது நியாயமான தேவை. அதனால் பிரித்துப் பார்ப்போம். பல வருஷம் திரும்பப் பயன்படுத்தும் காவடிக்கு அது இருக்கட்டும். ஒரே நாள் நிற்கிற அலங்காரத்துக்கு எதற்கு? அதற்கு வாழைமரம், பூசணி, தர்பூசணி, குருத்தோலை இருக்கின்றன. திருவிழா முடிந்தால் மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகும். மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலைக்குப் போகும்போது தண்ணீர்ப் பந்தலை இப்படி அலங்கரித்துப் பார்க்கலாமே?

5. செய்து பாருங்கள்: சவர்க்கார யானை

ஒரு மணி நேர வகுப்பு. சவர்க்காரத்துக்கு வரி கிடையாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெட்டலாம். அதனால்தான் ஆரம்பப் பாடத்துக்கு அது. பிள்ளையாரைச் செதுக்கினால் பிறகு கை கழுவ மனசு வராது, ஆகவே யானை!

அ. புதுக் கட்டி வாங்குங்கள். ரொம்ப நாள் காய்ந்தது உதிரும்.

ஆ. தாளில் யானையை முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து என்று மூன்று பார்வையில் வரையுங்கள். பக்கவாட்டுப் படத்தைக் கட்டியின் மேல் கீறுங்கள்.

இ. சின்னப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் குச்சியும் மொட்டைக் கத்தியும் போதும். கட்டியைப் பிடித்த கைக்கு எதிர்ப்பக்கமாகவே சீவ வேண்டும்.

ஈ. முதலில் பெரிய மூலைகளை எடுங்கள். கண், காது கடைசியில். தும்பிக்கையைக் காலோடு ஒட்டியபடியே விடுங்கள், தனியாகத் தொங்கினால் ஒடியும்.

உ. மெல்லியதாகப் பல முறை சீவுங்கள். ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

ஊ. ஈர விரலால் தேய்த்தால் வழவழப்பு வரும். சீவலைச் சேர்த்து வையுங்கள், பாத்திரம் கழுவ உதவும்.

6. கிளைக் கூட்டத்தில் பேச

உங்கள் குடும்பத்தில் பால்மரம் சீவியவர் யார்? அவர் கத்தியைப் பிடித்த விதத்தை, தீட்டிய விதத்தைக் கைப்பேசியில் படம் பிடிக்க முடியுமா? உங்கள் கோயில் அலங்காரத்தில் ஒரே நாள் பயன்படும் பொருள் எவை, அவற்றில் எதை மாற்றலாம்?

முதல் கேள்வியை மட்டும் அடுத்த கூட்டம் வரை தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே தாத்தா பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். கையில் ஒரு வாழைத்தண்டைக் கொடுத்து, எப்படிச் சீவினீர்கள் என்று கேளுங்கள். வாயால் சொல்ல வராதது அந்தக் கையில் வரும். நீங்கள் கவனமாகப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.